லேசாகிப்போன அரைக்கிலோ

மின்தராசு என்ற ஒன்று சந்தைக்குள் எட்டிப் பார்க்காத நாளில் நடந்தது இது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒச்சம்மா என்பவள் வெங்காயக்கடை போட்டிருந்தாள். அவளிடம் ஒரு கைத்தராசும், ஒரு பலகைப் பெட்டியும், பெட்டிக்குள் ஆறு எடைக்கற்களும் இருந்தன. இரண்டு கிலோ, ஒரு கிலோ, அரைக்கிலோ, இருநூறு, நூறு, ஐம்பது. எல்லாரும் வார்ப்பு இரும்பு. எல்லாரும் பெண்பிள்ளைகள். மனிதர்களுக்குக் கேட்காத குரலில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஒவ்வொரு கல்லின் அடிவயிற்றிலும் ஒரு குழி உண்டு. வார்ப்பில் குறைந்துபோன எடையை அந்தக் குழியில் ஈயம் ஊற்றித்தான் சரிசெய்வார்கள். ஈயத்தின் மேல் அரசாங்க முத்திரை குத்துவார்கள். வெளியே நின்று பார்த்தால் ஊரில் இருக்கிற அரைக்கிலோ எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒருத்திக்கு ஊற்றிய ஈயம் இன்னொருத்திக்குப் பொருந்தாது. கூடப்போகும், இல்லாவிட்டால் குறைந்துபோகும்.

இதெல்லாம் அரைக்கிலோவுக்குத் தெரியும். ஆனால் தன் அடிவயிற்றை அவள் என்றைக்குப் பார்த்திருக்கிறாள்? அவள் பார்த்ததெல்லாம் எதிர்க்கடையைத்தான்.

எதிரே நாட்டுமருந்துக்கடை. அங்கே சிவப்புத் துணி விரித்த சின்னப் பெட்டியில் பித்தளை எடைக்கற்கள் இருந்தார்கள். விரல் நுனியால் எடுத்து வைக்கிற அளவுதான். வெயில் பட்டால் மின்னுவார்கள். வேலை குறைவு, பேச்சு அதிகம்.

"என்னடி அது, அம்மிக்குழவி எழுந்து உட்கார்ந்த மாதிரி?"

"அரைக்கிலோவாம். பேரைப் பாரு!"

"அவ ஏறி உட்கார்ந்தா தராசுக்கு இடுப்பு ஒடிஞ்சிரும்."

பித்தளைகள் கிணுகிணு என்று சிரிப்பார்கள். அரைக்கிலோ காது கேட்காதவள் மாதிரி வேறு பக்கம் பார்ப்பாள்.

இருநூறுக்கு அதைவிட மோசமான பேச்சு விழும். அவளுக்கு முகமெல்லாம் குழி. உலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்தாள். "அம்மைத் தழும்பி" என்று கூப்பிடுவார்கள்.

"ஆமா, இருக்கு. எண்ணிப் பார்த்து எத்தனைன்னு சொல்லு. எனக்கே தெரியாது" என்பாள் இருநூறு.

அரைக்கிலோவுக்கு அப்படிப் பதில் சொல்ல வராது. ஒரு நாள் கூட்டமான சந்தை. ஒச்சம்மா காலையிலிருந்து தராசைத் தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்துபோயிருந்தாள். அரைக்கிலோவை எடுத்துத் தட்டில் வைத்தவள், "யப்பா, என்ன கனம் கனக்குது!" என்றாள். கை வலியில் சொன்ன பேச்சு அது. அரைக்கிலோ அதைத் தன்னைச் சொன்ன பேச்சாக எடுத்துக்கொண்டாள். பித்தளைகள் சொன்னதைப் பொறாமை என்று தள்ளிவிடலாம். சொந்தக் கடைக்காரியே சொல்லிவிட்டாளே!

ஒச்சம்மா கடைக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. பழைய எடைக்கற்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற பட்டறை அது. எடை கூடிய கல்லிலிருந்து ஈயத்தைச் சுரண்டி எடுக்க அங்கே ஓர் உளி இருந்தான். மெலிந்த உடம்பு, இனிக்க இனிக்கப் பேச்சு. மத்தியானம் சந்தை கண் அயரும் நேரத்தில் தட்டி இடுக்கு வழியே எட்டிப் பார்த்துப் பேசுவான்.

"என்ன கண்ணு, முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியாதா? அந்தப் பித்தளைப் பிள்ளைகளைத்தானே பார்க்குற? நீயும் லேசாகலாம். ஒரு அரைமணி நேர வேலை."

அரைக்கிலோ திரும்பிப் பார்த்தாள்.

"முத்திரையை மூடி மாதிரி மெல்லத் தூக்குவேன். உள்ளே ஒரு ஐம்பது கிராம் எடுப்பேன். மெழுகை வச்சு அடைச்சு, மூடியைத் திரும்ப ஒட்டிருவேன். வெளியே ஒரு கீறல் தெரியாது."

"ஈயம் போனா நான் யாரு?"

"யாரா? அப்பவும் அரைக்கிலோதான். பேரை யாரு புடுங்கப்போறா? எல்லாரும் பண்ணிக்கிறதுதான் கண்ணு. வெளியே சொல்றதில்ல, அவ்வளவுதான்."

இருநூறு குரல் கொடுத்தாள். "ஏய், அவன் பேச்சைக் கேக்காதடி."

"உனக்கென்ன, உன் மூஞ்சியைப் பார்த்து எவளும் எதுவும் எதிர்பார்க்கப் போறதில்ல" என்றாள் அரைக்கிலோ. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல்லியாயிற்று.

தட்டி இடுக்கு வழியே பட்டறைக்குள் புரண்டு போனவள், அரைமணி நேரம் கழித்துப் பெட்டிக்குத் திரும்பி வந்தபோது அடிவயிற்றில் ஏதோ வழுவழுப்பாக இருந்தது. வலி கொஞ்சம்தான். அன்று சாயங்காலம் ஒச்சம்மா அவளை எடுத்தாள். எந்த முனகலும் இல்லாமல் எடுத்தாள். எதிர்க்கடையில் ஒரு பித்தளை, "அவ இன்னைக்கு எப்படியோ இருக்கால்ல?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது அரைக்கிலோவின் காதில் விழுந்தது.

அந்த ஒரு சாயங்காலம்தான் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மறுநாள் நான்கு மணிக்குச் செவ்வந்தி வந்தாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. அவள் அம்மா பஞ்சவர்ணம் தெருமுனையில் பணியாரக்கடை வைத்திருந்தாள். கடைக்கு நாள்தோறும் அரைக்கிலோ சின்ன வெங்காயம் வாங்கிப் போவது செவ்வந்தியின் வேலை. எடை போட்டு முடிந்ததும் தட்டிலிருக்கிற கல்லைத் தானே எடுத்துப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

ஒச்சம்மா ஒரு தட்டில் அரைக்கிலோவை வைத்தாள். மறு தட்டில் வெங்காயத்தைக் கொட்டினாள். முள் நடுவே நின்றது. சரியான எடை என்றுதான் ஒச்சம்மா நினைத்தாள். செவ்வந்தியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் வழக்கமாக விழுவதில் ஒரு கைப்பிடி வெங்காயம் குறைந்திருந்தது. அது அரைக்கிலோவுக்குத் தெரிந்தது. தராசுக்கும் தெரிந்தது.

"சொல்லிராதே" என்றாள் அரைக்கிலோ.

"நான் யாரையும் காட்டிக்குடுக்கிறதில்ல" என்றது தராசு. "யாரையும் காப்பாத்துறதும் இல்ல. ரெண்டு பக்கமும் என்ன வைக்கிறாங்களோ அதைத்தான் சொல்லுவேன்."

அதற்குப் பிறகு நான்கு மணி ஆகப்போகிறது என்றாலே அரைக்கிலோவுக்கு உள்ளே மெழுகு இளக ஆரம்பித்துவிடும். மழை வரட்டும், பிள்ளை வராமல் இருக்கட்டும், இன்றைக்கு ஒரு கிலோவாகக் கேட்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள். மழை வரவில்லை. பிள்ளை வந்தாள். அரைக்கிலோதான் கேட்டாள்.

பத்து நாள் போனது. ஒரு நாள் செவ்வந்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பெரியம்மா, கொஞ்சம் பார்த்துப் போடுங்க. கடைசி ஈடு பணியாரத்துக்கு வெங்காயம் பத்தலைன்னு எங்கம்மா தினமும் சத்தம் போடுறாங்க."

"ஏன்டி, என் தராசு மேலயே சந்தேகமா?"

"ஐயோ, இல்ல பெரியம்மா. நான் வழியில ஒரு பிடி வெங்காயத்தைக் குடுத்து நெல்லிக்காய் வாங்கித் தின்னுறேன்னு சொல்றாங்க."

ஒச்சம்மா சிரித்தாள். "தின்னியா?"

"இல்ல பெரியம்மா!" செவ்வந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "பையில ஓட்டை இருக்கான்னு கூடத் தண்ணி ஊத்திப் பார்த்துட்டேன். இல்ல. எங்கதான் விழுதுன்னு தெரியல. சனிக்கிழமை கோகோ போட்டிக்கு வெளியூர் போகணும். வெங்காயத்துக்கே நம்ப முடியாதவளை வெளியூருக்கு எப்படி அனுப்புறதுங்கிறாங்க."

சொல்லிவிட்டு, வழக்கம்போல அரைக்கிலோவை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அந்த விரல்கள் பட்டபோது அரைக்கிலோவுக்குக் கூசியது.

அரைக்கிலோ இருநூறின் பக்கம் திரும்பினாள்.

"என்னைத் திட்டேன்டி" என்றாள்.

"திட்டினா உனக்கு எடை கூடுமா?"

அந்த நேரத்தில்தான் இன்னொரு செய்தி வந்தது. முத்திரை ஆபீசர் வியாழக்கிழமை வருகிறார். சந்தையிலுள்ள எல்லா எடைக்கற்களையும் பார்ப்பார். எடை தவறின கல்லைச் சம்மட்டியால் ஓர் அடி அடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அப்படிப் போன கல் எதுவும் திரும்பி வந்ததில்லை.

அரைக்கிலோ தட்டி இடுக்கில் முகத்தை வைத்து உளியைக் கூப்பிட்டாள்.

"பயமா இருக்கு. எடுத்ததைத் திருப்பி வச்சிரு."

"எந்த ஈயத்தை? அது அன்னைக்கே உருகிப் போச்சே" என்றான் உளி. அவன் வேறொரு கல்லின் வயிற்றில் வேலையாக இருந்தான். "பதறாதே. அவங்க முத்திரையை மட்டும்தான் பார்ப்பாங்க. உன் முத்திரை அழகா இருக்கு."

அரைக்கிலோ இருநூறிடம் திரும்பினாள்.

"நீ என்னை ஒட்டியே உட்காருடி. அவர் எடை பார்த்தா நீயும் என்கூடத் தட்டுல ஏறிரு."

"நான் ஏறினா நூத்தைம்பது கூடும். இப்ப ஐம்பது குறையுது. ரெண்டும் பொய்தானே?"

"அப்ப காட்டிக்குடுக்கப் போறியா?"

"நான் எதுக்குடி சொல்லணும்?" என்றாள் இருநூறு. "உனக்கு வாய் இல்லையா?"

வியாழக்கிழமை காலை ஜீப் வந்து நின்றது. ஆபீசருக்கு அன்று இன்னும் இரண்டு சந்தை பாக்கி. ஒவ்வொரு கல்லையும் கவிழ்த்தார், முத்திரையைப் பார்த்தார், "சரி" என்றார். இருநூறு கவிழ்ந்தாள். சரி. நூறு. சரி. அரைக்கிலோவின் முறை வந்தது. வெயிலில் அவள் உள்ளே மெழுகு கொழகொழத்தது. விரல் பட்டால் மூடி நழுவிவிடும்.

"சரி."

அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது.

அரைக்கிலோ பிழைத்துவிட்டாள். சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. பதினைந்து நாளாகப் பயந்தது இதற்குத்தானே? பயப்பட்டது நடக்கவில்லையே? பிறகு ஏன் பயம் போகவில்லை?

அன்று நான்கு மணிக்குச் செவ்வந்தி தனியாக வரவில்லை. பஞ்சவர்ணம் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மறு கையில் முந்தின நாள் வெங்காயம் வாங்கிய பை.

"ஒச்சம்மாக்கா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. குறையுறது உங்க கையிலயா, இவ கையிலயா? எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

ஒச்சம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பஞ்சவர்ணம், இத்தனை வருசப் பழக்கத்துல இப்படிக் கேட்டுட்ட? இன்னைக்குக் காலையிலதான் ஆபீசர் வந்து அத்தனை கல்லையும் பார்த்துச் சரின்னு சொல்லிட்டுப் போனாரு. சந்தை முழுக்கக் கேட்டுப் பாரு."

பஞ்சவர்ணம் மகளைப் பார்த்தாள். அவள் குரல் தாழ்ந்துவிட்டது. சத்தம் போட்டதைவிட அதுதான் பயமாக இருந்தது.

"கேட்டுக்கிட்டியா? அரசாங்கமே சரின்னு சொல்லிருச்சு. இனி என்ன சொல்லப்போற?"

"நான் எடுக்கலம்மா."

"பொய்யும் சேர்ந்து பழகிட்டியா?"

"எடுக்கலம்மா."

"சனிக்கிழமை எங்கேயும் போகவேண்டாம். இனிமே பள்ளிக்கூடத்துக்கும் நானே கொண்டுவந்து விடுறேன், நானே கூட்டிட்டு வாறேன். உன்னை நம்பினது போதும்."

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். செவ்வந்தி தலையைக் குனியவில்லை. அழுதுகொண்டே நிமிர்ந்து நின்றாள். "எடுக்கல" என்று மூன்றாம் தடவையும் சொன்னாள். அவளுக்குச் சாட்சி யாரும் இல்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதை அவள் விடவில்லை.

அரைக்கிலோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தன்மேல் விழுந்த 'சரி' என்ற சொல் இப்போது அந்தப் பிள்ளையின் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறது.

"இப்ப என்ன செய்யட்டும்?" என்று இருநூறிடம் கேட்டாள்.

இருநூறு அவளைப் பார்த்தாள்.

"உன் கண்ணு முன்னாடியே நிறுத்துக் காட்டுறேன், பாரு" என்று ஒச்சம்மா தராசைத் தூக்கினாள். அரைக்கிலோவைத் தட்டில் வைத்தாள். மறு தட்டில் வெங்காயம் விழ ஆரம்பித்தது. இன்னும் ஐந்தாறு விழுந்தால் முள் நடுவுக்கு வந்துவிடும். வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. தராசு பொய் சொல்லாது. அவள் சொல்கிற பொய்யைத்தான் சொல்லும்.

"அசையாதே" என்று தட்டி இடுக்கிலிருந்து உளி கத்தினான். "விழுந்தா உன்னை உடைச்சிருவாங்க!"

"தெரியும்" என்றாள் அரைக்கிலோ.

அவளுடையது ஆறுபட்டை உடம்பு. எளிதில் உருளாது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குப் புரண்டுதான் ஆகவேண்டும். முதல் புரளலில் தட்டு ஆடியது. இரண்டாவது புரளலில் ஒச்சம்மா, "இந்தா, இந்தா" என்று கை நீட்டினாள். மூன்றாவதில் விளிம்பு வந்தது. கீழே கருங்கல் தரை. அரைக்கிலோ பெட்டியை ஒருமுறை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

விழுந்த சத்தம் இரும்பு விழுந்த மாதிரி இல்லை. பொத்தென்று, உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம்.

முத்திரை மூடி தெறித்துப்போய்ச் செவ்வந்தியின் காலடியில் விழுந்தது. குழியிலிருந்து மஞ்சள் மெழுகு ஒரு கட்டியாக வெளியே வந்து கிடந்தது.

செவ்வந்திதான் குனிந்து கல்லை எடுத்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். விரலைக் குழிக்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் காட்டிவிட்டுத் தரையில் வைத்தாள்.

ஒச்சம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "என் கண்ணான சத்தியமா எனக்குத் தெரியாது பஞ்சவர்ணம். எவன் தோண்டினானோ தெரியல. இத்தனை நாளா இந்தப் பிள்ளை பையிலயா கைவச்சிருக்கேன்?" எழுந்து ஓடி, அடுத்த கடையிலிருந்து வேறோர் அரைக்கிலோவை வாங்கி வந்து, போடாமல் விட்ட ஐந்தாறு வெங்காயத்தையும் தட்டில் போட்டு நிறுத்தாள். வெங்காயத்தட்டு மேலேயே நின்றது. ஒரு கைப்பிடி அள்ளிப் போட்ட பிறகுதான் இறங்கியது.

பஞ்சவர்ணம் அந்தத் தட்டையே வெகுநேரம் பார்த்தாள். மகளின் தலையைத் தொடக் கை போனது. செவ்வந்தி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"சனிக்கிழமை போயிட்டு வா ஆத்தா" என்றாள் பஞ்சவர்ணம்.

"போவேன்" என்றாள் செவ்வந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா கல்லு உடையாம இருந்திருந்தாலும் நான் எடுக்காதவதான்மா. அதை நீ சொல்லு. இங்கேயே சொல்லு."

பஞ்சவர்ணம் சுற்றிலும் பார்த்தாள். அத்தனை கடைக்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு சொன்னாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "எம் மக எடுக்கல."

எதிர்க்கடையில் பித்தளைகள் கிணுகிணுத்தார்கள். "ஐயோ, வயித்தைப் பாரேன், வெறும் மெழுகு!" அரைக்கிலோ திறந்த வயிற்றோடு தரையில் கிடந்தாள். சிரிப்பு அவளுக்குக் கேட்டது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் மறைக்க இனி எதுவும் இல்லை.

"தூக்கிப் பழைய இரும்புல போடு" என்றார் யாரோ.

"போடவேண்டாம் பெரியம்மா" என்றாள் செவ்வந்தி. "அது தானாத்தான் விழுந்துச்சு. நான் பார்த்தேன்."

யாரும் அதை நம்பவில்லை. ஆனாலும் ஒச்சம்மா அரைக்கிலோவைப் பொறுக்கி எடுத்துப் பட்டறையில் கொண்டுபோய் வைத்தாள்.

பட்டறையில் உளியைக் காணோம். சத்தம் கேட்டதுமே மூலையிலிருந்த ரம்பத்துக்குப் பின்னால் பதுங்கிவிட்டான். அடுப்பில் ஈயம் கொதித்துக்கொண்டிருந்தது. நீளக் காம்புள்ள இரும்புக் கரண்டி ஒருத்தி அதைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அரைக்கிலோவைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள்.

"எவ்வளவு குறையுது? தராசுல ஏறு, பார்ப்போம்."

"ஏறவேண்டாம்" என்றாள் அரைக்கிலோ. "ஐம்பது கிராம். ஒரு குண்டுமணி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"எடுக்கும்போது வலிச்சிருக்காது. ஊத்தும்போது சுடும்."

அரைக்கிலோ தலைகீழாகக் கவிழ்ந்தாள், அடிவயிறு மேலே பார்க்க.

"ஊத்து."